பாவசங்கீர்த்தனமும் மன்னிப்பின் நிச்சயமும்

பாவங்களை மன்னிக்க மனிதனுக்கு அதிகாரம் உண்டோ? இவ்வினாவை எழுப்பிய மாத்திரத்தில் கத்தோலிக்கத் திருச்சபையின் பாவசங்கீர்த்தனத்தை மறுத்துவிட்டதாக நம்மிற் பலர் எண்ணுகிறோம். இது நேரிய மறுப்பன்று. மன்னிப்பவர் கடவுளே, குருவானவர் அவருடைய ஊழியரே என்று அத்திருச்சபையும் போதிக்கிறது. 1973இல் வெளியான அதன் ஒப்புரவுச் சடங்குமுறையும், கிறிஸ்துவின் மரணத்தாலும் உயிர்த்தெழுதலாலும் கடவுள் உலகைத் தம்முடன் ஒப்புரவாக்கினார் என்று அறிவித்த பின்னரே பாவவிமோசனம் கூறுகிறது.

உண்மையான வேறுபாடு பிறிதோரிடத்தில் உள்ளது. 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்வதைக் கடமையாக்கிற்று. 1551இல் திரெந்து சங்கம், நினைவுக்கு வரும் சாவான பாவங்கள் ஒவ்வொன்றையும் அறிக்கையிட வேண்டும் என விதித்து, விமோசனத்தை நீதிபதியின் தீர்ப்புக்கு ஒப்பிட்டது. தீர்ப்பளிக்க வழக்கு முழுவதும் தெரிந்தாக வேண்டுமன்றோ? மறந்த பாவங்களும் மன்னிப்பில் அடங்கும் என்று அச்சங்கம் ஆறுதல் கூறியது மெய்யே. ஆயினும், 'ஏதேனும் மறைத்தேனோ, என் மனஸ்தாபம் போதுமோ' என்று கலங்கும் மனச்சாட்சி கிறிஸ்துவை நோக்காமல் தன்னையே நோக்கி நிற்கிறது. திரெந்துக்கு முன்னரே, துறவியாயிருந்த லூத்தர் பட்ட வேதனை இதுவே. மேலும், உத்தம மனஸ்தாபமுள்ளவன், அருளடையாளத்தை நாடும் விருப்பத்தோடு, அதைப் பெறுமுன்னரே கடவுளோடு ஒப்புரவாகிறான் என்றும் அதே சங்கம் கூறுகிறது. அங்ஙனமாயின், அவனுக்குப் பின்னர் உரைக்கப்படுவதைத் தீர்ப்பு என்பதைவிட நற்செய்தியின் அறிவிப்பு என்பதே பொருந்தும். யோவான் 20:23இன் வாக்கும் சீடரை உலகிற்கு அனுப்பும் கட்டளையை ஒட்டியே வருகிறது. அங்கே நியாயாசனம் காணப்படவில்லை.

ஆனால் இத்திறனாய்வு நம்மையும் தப்பவிடாது. 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, பாவங்கள் அனைத்தையும் எண்ணிச் சொல்லுதல் அவசியமில்லை என்றதேயன்றி, தனி விமோசனத்தைக் கைவிடச் சொல்லவில்லை. அது சபைகளில் நிலைத்திருக்க வேண்டும் என்றே கூறிற்று. 1662ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகமும் நோயாளரைச் சந்திக்கும் முறைமையில் அதற்கு இடமளித்தது. நாமோ கட்டாயத்தை நீக்கியதோடு ஊழியத்தையும் நீக்கிவிட்டோம். ஆராதனையில் பொது அறிக்கையை விரைந்து படித்து முடிக்கிறோம். குற்றவுணர்வால் நொறுங்கி நம் வாசலில் வந்து நிற்பவனுக்கோ அறிவுரை கூறி, ஜெபித்து அனுப்பிவிடுகிறோம். அவன் கேட்க வந்த ஒரு சொல் மட்டும் சொல்லப்படாமலே போகிறது.

கத்தோலிக்கக் குருவானவரின் விமோசனம் செல்லுமோ என்று ஆராயும் நாம், கிறிஸ்துவின் நாமத்தினால் ஒரு பாவியைப் பெயர்சொல்லி அழைத்து, "உன் பாவம் மன்னிக்கப்பட்டது" என்று உரைக்கத் துணிந்தோமா? அத்துணிவு நம்மிடம் இல்லையெனில், நம் கோட்பாடு செம்மையாயிருந்தும் பாவி ஆறுதலற்றவனாகவே திரும்பிச் செல்வான்.