நூலுக்கு இரண்டு முனை

மலேசியத் தோட்டத்துக் கதைகளில் எனக்கு அலுத்துப்போன உவமை ஒன்று உண்டு: பொம்மை. துரை ஆட்டினான், தண்டல் ஆட்டினான், பாட்டாளி ஆடினான். அதோட கதை முடிஞ்சிடும். இந்த உவமையை எழுதும் எத்தனை பேர் பொம்மலாட்டக் கலைஞரின் வேலையை யோசித்திருப்பார்கள்?

உவமை பழசு. 1020ஆம் குறளில் வள்ளுவர் நாணமற்றவரின் நடமாட்டத்தைக் கயிற்றில் ஆடும் மரப்பாவையோடு ஒப்பிடுகிறார். 'நாண்' என்றால் வெட்கம், கயிறும்தான். உள்ளே நாண் இல்லாதவனை வெளியே இருக்கும் நாண் ஆட்டுகிறது. துல்லியமான வசை. ஆனால் அது நாணமற்றவனுக்குச் சொன்னது. நாம் அதே பாவையைப் பாட்டாளிக்குக் கொடுத்துவிட்டோம்.

நான் மெக்கானிக்கல் படித்தவன், கூலிமில் வேலை. உவமையிலும் எடை, விசை எங்கே என்றுதான் முதலில் பார்ப்பேன். மணி ஐயர் பேர்பெறச் செய்த கும்பகோணம் பொம்மலாட்டத்தை எடுத்துக்கொள்வோம். பொம்மை நாலரை அடி உயரம், 10 கிலோ எடை வரை போகும். அதன் நூல்கள் ஆட்டுபவர் தலையில் மாட்டிய வளையத்தில் கட்டியிருக்கும். கைகளைக் கம்பிகள் இயக்கும். அப்படின்னா பொம்மை ஆட, அவரும் ஆடியாக வேண்டும். பாரம் முழுக்க அவர் உடம்பில். யார் யாரை ஆட்டுகிறார்கள்?

ஜெர்மன் எழுத்தாளர் க்ளைஸ்ட் 1810இல் பொம்மலாட்டம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் வரும் நடனக் கலைஞர், ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியாக இழுக்க வேண்டாம், ஈர்ப்பு மையத்தை நகர்த்தினால் கைகால்கள் ஊசல் மாதிரி தானே ஆடும் என்கிறார். நல்ல இயற்பியல். ஆனால் ஒரு கட்டத்தில், ஆட்டுபவரை எடுத்துவிட்டு ஒரு கைப்பிடியைச் சுழற்றியே ஆட்டத்தை நடத்தலாம் என்கிறார். இங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. நூல் வழியாக எடை கைக்குத் திரும்பி வருகிறது. பொம்மை எங்கே தயங்குது, எங்கே மீறுது என்பதைக் கை அதில்தான் தெரிந்துகொள்கிறது.

எங்க கெடாவிலேயே வாயாங் கூலிட் கெடெக் இருக்கிறது. தென் தாய்லாந்தின் நாங் தாலுங் நிழல்கூத்தின் வழி வந்தது. ஒரே டாலாங் எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுப்பார். கோமாளிப் பாவைகள் வாயசைத்து வட்டார வழக்கில் பேசும். ஊர் சிரித்தால் அந்தப் பேச்சு நீளும், சிரிக்காவிட்டால் சுருங்கும். அங்கேயும் நூலின் மறுமுனை சும்மா கிடப்பதில்லை.

இப்போ தோட்டத்துக்கு வருவோம். 1946-47இல் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தைச் சுற்றி ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடைகளை மறித்தார்கள், வேலைநிறுத்தம் பரவியது. போலீஸ் வந்தது, உயிர்களும் போயின. பொம்மை உவமைக்குள் இந்த வரலாற்றை எங்கே வைப்பது?

துரையும் பாட்டாளியும் சமம் என்று நான் சொல்லவில்லை. சம்பளம், லயத்து வீடு எல்லாமே துரை கையில்தான் இருந்தன. நூல் உண்மை. ஆனால் இறுகும்போது நூல் இரண்டு முனையிலும்தான் இறுகும். எடையே இல்லாத பொம்மையை அடக்க போலீஸ் எதுக்கு?

பாட்டாளியைப் பொம்மையாக்கும் எழுத்து இரக்கத்தில்தான் பிறக்கிறது. ஆனால் துரை அவரை எப்படிப் பார்த்தாரோ, முடிவில் அதே பார்வைக்குத்தான் அதுவும் போய்ச் சேர்கிறது. கெடாக்காரரான சீ. முத்துசாமி தன் தோட்டத்து நாவலுக்கு 'மண்புழுக்கள்' என்று பெயர் வைத்தார். மண்புழுவையும் மிதிக்கலாம், நசுக்கலாம். ஆனா அதுக்கு நூல் கிடையாது. இருட்டில் மண்ணைத் தானே துளைத்து நகரும். அடிபட்டவர்களைச் சொல்ல அதுவே நேர்மையான உவமை.

பொம்மையே வேண்டும் என்பவர்கள் தாராளமா எழுதலாம். ஆனால் அதன் எடை எவ்வளவு என்று அந்தக் கதைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.