கேட்டதும் கேளாததும்

சேத்தூரிலிருந்து மேற்கே பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை சுவர்போல நிற்கிறது. நேர்கோட்டில் செல்லும் தொலைக்காட்சி அலைகளுக்கு அது பெருந்தடை. சிற்றலைகளுக்கோ அது ஒரு பொருட்டன்று. அவை அயனி மண்டலத்தில் வளைந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இறங்குகின்றன. எப்போது, எந்த அதிர்வெண்ணில், எங்கே இறங்கும்? இதை அறிய, 'ஹாம்' எனப்படும் அமெச்சூர் வானொலியாளர்கள் ஓர் எளிய வழி கண்டனர். தொலைதூர நிலையத்தைக் கேட்டவர் உடனே மற்றவர்க்கு அறிவிப்பதே அது.

1980களில் டிக் நியூவெல் என்னும் அமெரிக்க ஹாம் எழுதிய 'பேக்கெட் கிளஸ்டர்' நிரல் இதற்கு உருக்கொடுத்தது. இன்று இணையம் அவ்வேலையைச் செய்கிறது. கேட்டவரின் அழைப்புக்குறி, அதிர்வெண், கேட்கப்பட்ட நிலையத்தின் அழைப்புக்குறி, சிறு குறிப்பு, உலகப் பொது நேரம்: இவ்வளவே ஓர் அறிவிப்பு.

செய்தி என்ற அளவில் இதன் பயன் பெரிது. அந்தமானிலிருந்து 1987க்குப் பின் அமெச்சூர் ஒலிபரப்பே இல்லாதிருந்தது. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேரில் நிலையம் அமைத்தபோது, உலகெங்குமுள்ள ஹாம்கள் அதைத் தேடினர். டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கியதும், அதே நிலையம் துயர்ச்செய்திகளைக் கொண்டுசெல்லும் பாலமாயிற்று.

ஆனால் அறிவியல் சான்று என்ற அளவில் இம்முறை குறையுடையது. முதலாவதாக, சிலர் காதால் கேளாமல், திரையில் கண்ட அழைப்புக்குறியையே தாமும் கேட்டதாக நம்பிவிடுகின்றனர். ஓர் எழுத்து பிழைத்தால் நாடே மாறிவிடும். இரண்டாவதாக, பெரும்பாலான அறிவிப்புகளில் சைகையின் வலிமை அளந்து தரப்படுவதில்லை. மூன்றாவதாக, அரிய நிலையத்தைப் பலரும் அறிவிக்கின்றனர். அன்றாடம் கேட்கும் நிலையத்தை எவரும் பொருட்படுத்துவதில்லை.

முதலிரண்டு குறைகளையும் கருவிகள் பெரிதும் நீக்கியுள்ளன. 2008இல் தோன்றிய 'ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க்'கில் கணிப்பொறியே மோர்ஸ் சைகைகளைப் படித்து, இரைச்சலைவிட அவை எவ்வளவு வலியவை என்று குறிக்கிறது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜோசப் டெய்லர் உருவாக்கிய 'விஸ்பர்' முறையில் அனுப்பிய திறனும் பதிவாகிறது. 2017 ஆகஸ்டு 21 சூரிய கிரகணத்தின்போது அயனி மண்டலம் மாறியதை ஆராய இப்பதிவுகள் உதவின.

கருவியாலும் தீராத குறை ஒன்றுண்டு. அறிவிப்புப் படங்களில் ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் கோடுகளால் நிறைந்திருக்க, நம் பகுதி பெரும்பாலும் வெறுமையாகத் தெரிகிறது. அலைகள் இங்கு வராமலில்லை. கேட்டுச் சொல்பவர்கள்தாம் குறைவு. படம் அலைகளின் வழியை மட்டும் காட்டவில்லை. கேட்பவர்களின் இருப்பிடத்தையும் காட்டுகிறது. இதை மறந்து முடிவு கட்டும் மாணவன் ஏமாறுவான். புவிகாந்த நடுக்கோடு நம் தென்கோடிக்கு அருகில் செல்கிறது. 1963இல் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததும் அதனால்தான். அயனி மண்டலம் தனித்தன்மையோடு விளங்கும் இவ்விடத்தில் பதிவு குறைந்திருப்பது அறிவியலுக்கே இழப்பு.

அலைபரப்ப உரிமம் வேண்டும்; அதற்குத் தேர்வு உண்டு. ஆயினும் கவனித்துக் கேட்பதிலிருந்தே தொடங்கலாம். கேட்ட நேரத்தைக் குறிக்கும் மாணவர்கள், காத்திருந்தும் கேளாத நேரத்தையும் அதே ஏட்டில் குறிக்கட்டும். அந்த இரண்டாவது வரியைத்தான் இவ்வறிவிப்பு முறை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.