காரி வென்ற மலை யாருக்குப் போனது?

கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையை நடுவில் வைத்து வரைபடத்தைப் பார்த்தால் சங்ககாலக் குறுநில அரசியல் சட்டெனப் பிடிபடும். கிழக்கே மலையமான் திருமுடிக்காரியின் திருக்கோவலூர். தென்மேற்கே வல்வில் ஓரியின் கொல்லிமலை. வடமேற்கே அதியமான் நெடுமான் அஞ்சியின் தகடூர். இந்த மலையைச் சுற்றி ஆண்ட மூவரையும் கடையெழு வள்ளல்களாகவே பாடத்தில் படித்தோம். அவர்கள் நிலத்துக்காகக் கூட்டுச் சேர்ந்ததையும் ஒருவரையொருவர் அழித்ததையும் அதே சங்கப் பாடல்கள்தான் சொல்கின்றன. புகழ்ச்சியை ஒதுக்கிவிட்டு அந்தக் கூட்டணி முறையை எடைபோட வேண்டியிருக்கிறது.

அதன் வலிமையை மறுக்க முடியாது. மூவேந்தரோடு ஒப்பிட்டால் காரியின் நாடு சிறியது. ஆனால் புறநானூற்றின் 122ஆம் பாடலில், துணைக்கு வா என்று அந்த மூவேந்தரின் ஆட்களே பொருளோடு அவனைத் தேடி வருகிறார்கள். யாருக்கும் அடங்காமல், தன் படைக்கு இருந்த கிராக்கியையே தன் நாட்டுக்கு அரணாக்கினான். பெற்ற பொருளைப் பரிசிலர்க்கு வாரி வழங்கினான்.

சண்டைக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. தொல்காப்பியத்தின் வெட்சித் திணையில் ஆநிரையைக் கவர்வதோடு அதைப் பேணுவதும் சேர்ந்தே வருகிறது. போரைத் தடுக்கப் புலவர்கள் தூது போனார்கள். அஞ்சிக்காக ஔவையார் தொண்டைமானிடம் சென்றார்.

இந்த ஒழுங்கு மேய்ச்சல் காட்டில் எவ்வளவு செல்லுபடியானது என்பதற்குச் செங்கம் பகுதி எடுத்தனூர் நடுகல்லே சாட்சி. காலத்தால் பிந்தியது, பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கப் போய் உயிரைவிட்டான் கருந்தேவகத்தி. அவனுடைய நாய் கோவிவன் கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது. நாயின் பெயரையும் மறக்காமல் கல்லில் வெட்டிய ஊருக்கு, நிரைகவர்தல் வீர விளையாட்டாக இருந்திருக்க முடியாது.

தலைவர்களின் பிள்ளைகளும் தப்பவில்லை. சோழன் கிள்ளிவளவன் மலையமானின் மக்களை யானைக்காலில் இடத் துணிந்தான். கோவூர்கிழார் பாடித் தடுத்ததால் பிழைத்தார்கள். ஒரு புலவரின் நாவை நம்பிக் குழந்தைகளின் உயிர் ஊசலாடியது என்றால், அந்த அரசியலில் பாதுகாப்பு என்று எதைச் சொல்வது?

எல்லாவற்றிலும் பெரிய குறை வேறு. அஞ்சி கோவலூரை அழித்தான். காரி ஓரியைக் கொன்று, கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான். தகடூரையும் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை வீழ்த்தினான். அண்டை நாட்டான் பகைவன், அவனுக்கு அப்பால் இருப்பவன் நண்பன் என்ற அர்த்தசாஸ்திரக் கணக்கு பேரரசுகளுக்குப் பொருந்தலாம். சிற்றரசர்கள் அந்தக் கணக்கைப் போட்டபோது ஆதாயம் வேந்தனுக்கே போய்ச் சேர்ந்தது.

வேந்தரோடு பேரம் பேசத் தெரிந்தவர்கள் பக்கத்து மலையோடு உடன்பாடு காணவில்லை. அவர்களுடைய கொடையையும் வீரத்தையும் எவ்வளவு போற்றினாலும் இந்தத் தவறு சிறியதாகாது.