‘ரீட்’ என்னும் ஆங்கில வினையும் அரபி, தமிழ் நிகரன்களும்: மதுரை வழக்கில் ‘ஓது’ – ஒரு மதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

‘ரீட்’ என்னும் ஆங்கில வினைக்கு அரபியில் ‘கரஅ’ என்பதும் தமிழில் ‘படி’, ‘வாசி’ என்பனவும் நேர்நிகரன்களாகக் காட்டப்படுகின்றன. ஆயின் இம்மூன்று மொழிகளின் பொருட்பரப்புகளும் ஒன்றோடொன்று முழுமையாகப் பொருந்துவதில்லை. அரபிச் சொல்லின் தலைமைப் பொருளைத் தமிழில் தாங்கி நிற்பது ‘ஓது’ என்னும் வினையாகும். மதுரை வட்டார வழக்கைச் சான்றாகக் கொண்டு இப்பொருத்தத்தின் வலிமையையும் எல்லையையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: ஓது, படி, வாசி, கரஅ, பொருட்பரப்பு, மொழிபெயர்ப்பு, எழுத்தறிவு.

முன்னுரை

ஒரு மொழியின் வினைச்சொல்லுக்கு வேறொரு மொழியில் ஒரே நிகரனைத் தேடுவது அகராதியின் இயல்பான தேவை. மொழிபெயர்ப்பாளனுக்கு அது போதுவதில்லை. சொல் எவ்விடத்தில், யாரால், எச்செயலைக் குறித்து வழங்குகிறது என்பதை அவன் நோக்க வேண்டும். அரபிச் சமயநூல்கள் ஆங்கில வழியாகவும் தமிழுக்கு வரும் சூழலில் இத்தேவை மிகுகிறது. இடைமொழியின் பொருட்பரப்பு மூலத்தின் பொருளாகப் பிழைபடக் கொள்ளப்படும் வாய்ப்பு அங்கே உண்டு.

ஆங்கில, அரபி வினைகள்

ஆங்கில வினையின் பழைய வடிவம் அறிவுரை கூறுதல், புதிரை விடுவித்தல் ஆகிய பொருள்களையும் உடையது. எழுத்தைப் பார்த்துப் பொருள் உணர்தல் என்பது அவ்விடுவித்தலின் ஒரு வகையே. ஆகவே முகக்குறிப்பை உணர்தல், கைரேகை பார்த்தல், மின்அளவியின் கணக்கெடுத்தல், பல்கலைக்கழகத்தில் சட்டம் பயிலுதல் ஆகிய அனைத்திற்கும் அச்சொல் இன்று வழங்குகிறது.

அரபியின் ‘கரஅ’ எழுத்தைப் படித்தல், நினைவிலிருந்து ஒலித்தல் ஆகிய இரண்டையும் குறிக்கும். ‘குர்ஆன்’ என்னும் பெயரும் இவ்வேர்ச்சொல்லோடு தொடர்புடையது. ‘காரிஃ’ என்பவர் சூழலுக்கேற்ப நூல் வாசகராகவும் இசைமரபு அறிந்து ஓதுபவராகவும் இருக்கலாம். உள்ளங்கையையோ காப்பிக் கோப்பையின் கசடையோ பார்த்துக் குறி சொல்வதற்கும் இவ்வினை பயன்படுகிறது. ஆனால் சட்டம் பயிலுதலுக்கு அரபி ‘தரஸ’ என்னும் வேறு வினையை நாடுகிறது. மறைநூலை முறையாக ஓதுதலுக்கு ‘தலா’ என்னும் வினையும் உண்டு. பின்தொடர்தல் என்பது அதன் மற்றொரு பொருள்.

இருமொழிகளின் வேறுபாடு திருக்குர்ஆன் 96ஆம் அத்தியாயத்தின் முதற்சொல்லில் வெளிப்படுகிறது. ஜார்ஜ் சேல் (1734), பிக்தால் (1930) ஆகியோர் அதனை ‘ரீட்’ என்றனர். ராட்வெல் (1861), ஆர்பெரி (1955) ஆகியோர் ‘ரிசைட்’ என்றனர். யூசுஃப் அலி பறைசாற்றுதல் என்னும் பொருளுடைய சொல்லை முதலில் வைத்து, ‘ரீட்’ என்பதை அடைப்புக்குறிக்குள் தந்தார். எழுதப் படிக்க அறியாதவர் என மரபு கூறும் நபிக்கு விடுக்கப்பட்ட கட்டளை அது. எழுத்தைப் பார்த்துப் படித்தல் என்று மட்டும் கொண்டால் அக்கட்டளை புதிராகிறது. கேட்டதைத் திருப்பி ஒலித்தல் என்று கொண்டால் அப்புதிர் பெரிதும் நீங்குகிறது.

தமிழில் மூன்று வினைகள்

ஆங்கிலேயர் தயங்கிய இடத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்கு ஆயத்தமான ஒரு சொல் இருந்தது. ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி உள்ளிட்டோர் அவ்விடத்தில் ‘ஓது’ என்னும் வினையையே ஆண்டனர். தொல்காப்பியம் தலைவன் பிரிவுக்கு ஓதலை ஒரு காரணமாக்குகிறது; அங்கு ஓதல் என்பது கல்வி. திருக்குறள் வேதத்தை ‘ஓத்து’ என்கிறது. பாண்டியன் ஏனாதி நெடுங்கண்ணன் பாடிய குறுந்தொகை 156ஆம் பாடல் அவ்வேதக் கல்வியை எழுதப்படாததாகச் சுட்டுகிறது. ஓதுதலுக்கு ஏடு இன்றியமையாததன்று என்பது இவற்றால் பெறப்படும்.

மதுரையில் இவ்வினை இன்றும் சமய எல்லைகளைக் கடந்து வாழ்கிறது. மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலில் தேவாரம் பாடுபவர் ஓதுவார். காஜிமார் தெரு, கோரிப்பாளையம் போன்ற பகுதிகளில் அரபிப் பாடசாலைக்குச் செல்லும் பிள்ளை ‘ஓதப் போகிறது’, ஆசிரியர் ‘ஓதிக்கொடுக்கிறார்’. கூட்டத் தொடக்கத்தில் ஒருவர் ‘கிராஅத் ஓதுகிறார்’. அரபிப் பெயரும் தமிழ் வினையும் ஒரே செயலை இருமுறை சொல்லி இணைகின்றன. மாலைத் தொழுகைக்குப் பின் நோயுற்ற குழந்தையுடன் பள்ளிவாசல் வாயிலில் நிற்கும் தாய் எச்சமயத்தவளாயினும், அவள் வேண்டுவது ‘ஓதி ஊதுதல்’. இவ்விடத்தில் ‘படித்து ஊதுதல்’ என்பது வழக்கன்று.

‘படி’, ‘வாசி’ என்பனவும் தொடக்கமுதல் ஏட்டோடு மட்டும் கட்டுண்டவையல்ல. தென்மாவட்டப் பேச்சில் பாட்டும் ‘படிக்க’ப்படுகிறது, நாதசுரம் ‘வாசிக்க’ப்படுகிறது. எனினும் பள்ளிக் கல்வியின் பரவலால் ‘படித்தவர்’ என்பது பட்டம் பெற்றவரைக் குறிப்பதாயிற்று. கிறித்தவ வழிபாட்டில் ‘வாசகம்’ என்பது நூலிலிருந்து வாசிக்கப்படும் பகுதி. மூவினைகளும் மூன்று நிறுவனங்களின் சார்பைப் பெற்றுள்ளன எனலாம்.

பொருத்தத்தின் எல்லை

ஆயினும் ‘ஓது’ குறைவற்ற நிகரன் அன்று. தொல்காப்பியத்தில் அதற்கிருந்த கல்விப் பொருள் பொதுவழக்கில் மங்கிவிட்டது. பொருள் உணராமல் ஒலித்தல் என்னும் சாயல் இன்று அதில் படிந்துள்ளது. ‘காதில் ஓதுதல்’ என்னும் தொடர் இகழ்ச்சியையும் சுமக்கிறது. 96ஆம் அத்தியாயம் தொடர்ந்து எழுதுகோலையும் கற்பித்தலையும் பேசுவதால், கல்வியை வலியுறுத்துவோர் முதற்சொல்லைப் ‘படி’ என விளக்குவதற்கும் நியாயம் உண்டு. ஒரு பொருளைக் காக்கும் சொல் மற்றொன்றைக் கைவிடுகிறது.

இவ்வேறுபாடு நூலளவில் நிற்பதன்று. இந்தியக் கணக்கெடுப்பு, ஏதேனும் ஒரு மொழியில் பொருள் உணர்ந்து படிக்கவும் எழுதவும் அறிந்தவரையே எழுத்தறிவுடையவர் என்கிறது. அரபியை ஓத மட்டும் அறிந்தவர் இவ்வரையறைக்குள் வாரார். அரபுத்தமிழில் கடிதம் எழுதவும் படிக்கவும் அறிந்தவரோ வருவார். அவர் கையாள்வது அரபி எழுத்தில் அமைந்த தமிழ். ஆனால் ‘படிக்கத் தெரியுமா?’ என்னும் வினாவுக்கு அவர் ‘ஓதத்தான் தெரியும்’ என விடையிறுத்தால், வினவுவோர் இருவரையும் ஒரே கட்டத்தில் அடைக்க நேரும். ஒரு வினைச்சொல்லின் தேர்வு ஒருவரது கல்வியையே மறைத்துவிடக்கூடும்.

முடிவுரை

ஆங்கில வினை விடுவித்தலையும், அரபி வினை ஒலித்தலையும் படித்தலையும் ஒருங்கே கொண்டிருக்க, தமிழ் அப்பரப்பை மூன்று வினைகளுக்குப் பகிர்ந்தளிக்கிறது. அரபி மூலத்தை ஆங்கில வழி நோக்குவோர் ‘படி’ என்பதையே முதலில் எட்டுவர். வழிபாட்டு வழக்கை அறிந்தோர் ‘ஓது’ என்பதை எட்டுவர். எனவே இருமொழி அகராதிகள் ‘கரஅ’ என்பதற்கு ஒரு சொல்லை மட்டும் தராமல், ஏட்டைப் பார்த்தல், நினைவிலிருந்து ஒலித்தல், குறி சொல்லுதல் எனச் சூழல் பிரித்து நிகரன்களைத் தருதல் வேண்டும். அப்பிரிப்புக்குரிய சான்றுகள் ஏடுகளில் மட்டுமன்றி, மதுரையின் கோயில் மண்டபத்திலும் பள்ளிவாசல் வாயிலிலும் அன்றாடம் ஒலிக்கும் தமிழிலும் கிடைக்கின்றன.