பூச்சாடியும் மருந்துச் சாடியும்: போர்த்தினாரி பலிபீட ஓவியத்தின் மலர்கள்

பிற்கால இடைக்காலக் கிறித்தவ ஓவியங்களில் இடம்பெறும் தாவரங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஓர் அகராதியைக் கையில் வைத்துக்கொண்டே எழுதுகின்றனர். வெண்லில்லி கன்னிமை, வயலட் பணிவு, கோதுமை நற்கருணை எனப் பொருள் குறித்துவிட்டால் விளக்கம் முடிந்துவிட்டதாகக் கருதுகின்றனர். இம்முறையைப் பிழை என்பதற்கில்லை. ஆனால் இது போதாது. மலர் ஓவியத்துள் எங்கு நிற்கிறது, எக்கலத்தில் நிற்கிறது, எம்மொழி பேசுவோர் அதன்முன் நின்று வேண்டினர் என்பனவும் அதன் பொருளை வரையறுக்கின்றன. ஹ்யூகோ வான் டெர் கூஸ் 1475ஆம் ஆண்டையொட்டித் தீட்டிய போர்த்தினாரி பலிபீட ஓவியத்தை முன்வைத்து இக்கருத்து இங்கு ஆராயப்படுகிறது.

மெடிச்சி வங்கியின் புரூஜ் நகரப் பிரதிநிதியாக இருந்த தொம்மாசோ போர்த்தினாரி இம்முப்பலகை ஓவியத்தைச் செய்வித்தார். கடல்வழியாக அனுப்பப்பட்ட அது 1483இல் ஃபுளோரன்ஸை அடைந்து, சாந்தா மரியா நுவோவா மருத்துவமனையைச் சார்ந்த சான் எஜிதியோ ஆலயத்தில் வைக்கப்பட்டது. அம்மருத்துவமனையை 1288இல் நிறுவிய ஃபோல்கோ போர்த்தினாரி இக்குடும்பத்தின் முன்னோர். ஓவியம் இன்று உஃபிசி அருங்காட்சியகத்தில் உள்ளது.

நடுப்பலகையில் குழந்தை இயேசு வெறுந்தரையில் ஆடையின்றிக் கிடக்கிறார். அவருக்கு முன்னே, பார்ப்போருக்கு மிக அண்மையில், ஒரு கோதுமைக் கதிர்க்கட்டும் இரு கலங்களும் உள்ளன. வண்ணம் பூசிய மட்கலத்தில் செம்மஞ்சள் லில்லியும் வெண்ணிற, ஊதாநிற ஐரிஸ் மலர்களும் நிற்கின்றன. கண்ணாடிக் குவளையில் கருநீலக் கொலம்பைன் மலர்கள் ஏழும், சிவப்புக் கார்னேஷன் மூன்றும் உள்ளன. தரையில் வயலட் மலர்கள் சிதறிக் கிடக்கின்றன.

ஃபிளாண்டர்ஸ் ஓவியங்களின் அன்றாடப் பொருள்களுக்குள் சமயப்பொருள் ஒளிந்துள்ளது என்பதை 'மறைக்கப்பட்ட குறியீடு' எனும் கருத்தாக்கமாக 1953இல் வெளிவந்த தம் நூலில் எர்வின் பனோஃப்ஸ்கி விரித்துரைத்தார். 1964இல் இராபர்ட் கோக் இவ்வோவியத்தின் மலர்களைத் தனியே ஆராய்ந்தார். பின்வந்த விளக்கங்கள் பலவற்றுக்கும் அவர் கட்டுரையே அடிப்படை. எனினும் 'மறைக்கப்பட்ட' என்னும் அடைமொழி இங்குப் பொருந்துமா என்பது ஐயத்திற்குரியது. தொழுவத்து முற்றத்தில் பூச்சாடி இருப்பது இயல்பன்று. வலப்பலகையில் மரங்கள் இலையுதிர்ந்து நிற்கின்றன. முன்தளத்திலோ வேனிலை ஒட்டிப் பூக்கும் மலர்கள். ஓவியர் அவற்றைச் சுற்றி வெற்றிடம் விட்டு, தேவதூதரும் இடையரும் நெருங்காதவாறு தனித்து வைத்துள்ளார். இது மறைப்பு அன்று, வெளிப்படையாக முன்வைத்தல்.

கோதுமைக்கட்டில் ஐயத்திற்கு இடமில்லை. பெத்லகேம் என்னும் எபிரேயப் பெயருக்கு 'அப்பத்தின் வீடு' என்பது பொருள். கதிர்க்கட்டும் குழந்தையின் உடலும் ஒரே தரையில் கிடத்தப்பட்டுள்ளன. சூழ்ந்துள்ள தேவதூதர் பலர் திருவழிபாட்டு உடை அணிந்துள்ளனர். இந்த ஓவியத்தின் முன் பலிபீடத்தில் அப்பம் உயர்த்தப்படும் என்பதை நினைத்தால், வேறு சான்று வேண்டியதில்லை.

கொலம்பைன் அத்துணை எளிதன்று. ஏழு மலர்கள் தூய ஆவியின் ஏழு கொடைகளைச் சுட்டும் என்பர் ஒரு சாரார். மரியாவின் ஏழு துயரங்களைச் சுட்டும் என்பர் மற்றொரு சாரார். முதற்கருத்து, மலரின் பெயரில் 'புறா' எனப் பொருள்படும் இலத்தீன் சொல் இருப்பதைப் பெரிதும் சார்ந்தது. நெதர்லாந்து மொழியில் இம்மலருக்கு வழங்கும் 'அக்கெலை' என்னும் பெயரில் புறா இல்லை. இலத்தீன் அறிந்த குருமாருக்கு அத்தொடர்பு தோன்றியிருக்கலாம். ஆனால் பர்கண்டி ஆட்சியின்கீழ் இருந்த அந்நிலத்தில் பிரெஞ்சும் வழங்கியது. அம்மொழியில் இம்மலரின் பெயர் 'ஆங்கோலி'. துயரைக் குறிக்கும் 'மெலாங்கோலி'யோடு அது இயைபுறுவதால் கவிஞர் அதைத் துயரின் மலராக ஆண்டனர். அருகிலேயே வாள்போன்ற இலையுடைய ஐரிஸ் நிற்கிறது. ஜெர்மன் மொழியில் அதன் பெயரே 'வாள் லில்லி'. மரியாவின் உள்ளத்தை ஒரு வாள் ஊடுருவும் என்ற சிமியோனின் முன்னுரை லூக்கா நற்செய்தியில் வருவது. கவிழ்ந்த விழியுடன், மகிழ்ச்சியின் சுவடின்றி மண்டியிட்டிருக்கும் மரியாவின் முகத்தையும் சேர்த்து நோக்கின், துயரப் பொருளே வலுப்பெறுகிறது என்பது என் கருத்து.

லில்லியைத் தமிழில் 'அல்லி' என எழுதும் வழக்கத்தையும் இங்குச் சுட்டவேண்டும். அல்லி நீர்ப்பூ, லில்லி நிலத்தில் கிழங்கிலிருந்து எழுவது. பழைய விவிலிய மொழிபெயர்ப்பு 'லீலிபுஷ்பம்' என்று ஒலிபெயர்த்தது இதனினும் பொறுப்பான முடிவு. மேலும் இவ்வோவியத்தில் இருப்பது மரியாவுக்குரியதாகக் கூறப்படும் வெண்லில்லியே அன்று. நிறத்தை நோக்காமல் 'கன்னிமை' என்று எழுதிவிட்டால், ஓவியர் செந்நிறத்தைத் தேர்ந்ததன் காரணம், அதாவது பாடுகளின் இரத்தம், நழுவிப்போகும்.

மட்கலம் ஆய்வாளர் குறைவாகவே பேசும் பொருள். அது 'அல்பரெல்லோ' எனப்படும் வடிவம்: இடை சற்றுக் குறுகிய, மருந்துக்கடைகளில் களிம்பும் உலர்மூலிகையும் வைக்கப் பயன்பட்ட சாடி. ஓவியம் நின்றது மருத்துவமனை ஆலயத்தில். நோயாளிகளைப் பேணுவோர் நாள்தோறும் கையாண்ட சாடியின் வடிவமே பலிபீடத்தின் மேல் மலர் தாங்கி நின்றது. வெண்லில்லி, வயலட் எனும் அட்டவணை இதை நமக்குச் சொல்லாது.

ஒரு வினா எஞ்சுகிறது. 'வாள் லில்லி'யும் 'ஆங்கோலி'யும் வடபுல மொழிகளின் சொல்நயங்கள். ஆணியைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஜெர்மானிய மொழிகளில் பெயர்பெற்ற கார்னேஷன், மும்மலராகி மூன்று ஆணிகளை நினைவூட்டுவதும் அவ்வாறே. ஃபுளோரன்ஸ் மக்களுக்கு இவை எட்டியிருக்குமா? கிர்லாந்தாயோ 1485இல் சாந்தா திரினித்தா ஆலயத்தின் சஸ்ஸெத்தி சிற்றாலயத்துக்குத் தீட்டிய பலிபீட ஓவியத்தில் ஹ்யூகோவின் இடையர்களை அடியொற்றினார். தரையில் கிடக்கும் குழந்தையையும் வரைந்தார். மலர்க்கலங்கள் இரண்டையும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை.