உளி விட்டுவைத்த கோடு

மரப்பலகையிலிருந்து ஒரு கறுப்புக் கோடு அச்சாக வேண்டுமானால், கோட்டைச் செதுக்கக் கூடாது. கோட்டை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் செதுக்கி எடுக்க வேண்டும். அச்சுக்கலைஞர் ஸரீனா 2001-ல் செய்த ‘பிரிக்கும் கோடு’ என்ற அச்சை முதலில் பார்த்தபோது எனக்கு இது உறைக்கவில்லை. வெளிறிய தாளில் நெளிந்து இறங்கும் தடித்த கோடு, இந்தியா–பாகிஸ்தான் எல்லை, சரி என்று பக்கத்தைப் புரட்டிவிட்டேன். மறுபடி பார்த்தபோதுதான் கோட்டின் இருபுறமும் பொடிப்பொடியாகச் சிதறிக் கிடந்த கீற்றுகள் கண்ணில் பட்டன. உளி முழுக்க வழித்தெடுக்காத மரம், மையைத் தொட்டுக்கொண்டு தாளுக்கு வந்திருக்கிறது. நினைத்திருந்தால் சுத்தமாக எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அந்த ஒரு கோடு நிற்பதற்கு இரண்டு பக்கமும் எவ்வளவு பெயர்ந்தது என்பது அந்தக் கீற்றுகளில் இருக்கிறது.

எல்லைக் கோடு எங்கள் திருவள்ளூர்ப் பக்கத்துக்குப் புதிதல்ல. 1960-ல் ஆந்திராவிலிருந்து திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. நகரியும் புத்தூரும் அந்தப் பக்கம் நின்றன. ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா. ஆனால் அது பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடக்கிற கோடு. ஸரீனாவின் கோடு அப்படிப்பட்டதல்ல. 1937-ல் அலிகாரில் பிறந்தவர். பிரிவினைக்குப் பின் குடும்பம் கராச்சிக்குப் போனது. அவரோ கணவரின் தூதரக வேலையோடு பாங்காக், பாரிஸ் என்று சுற்றி, கடைசியில் நியூயார்க்கில் தங்கினார். பாரிஸில் ஹேய்டர் என்ற கலைஞரின் பட்டறையில் அச்சுக்கலை பயின்றார். 2020-ல் லண்டனில் இறந்தார். படித்தது கணிதம். அரூப ஓவியத்தில் பலர் வண்ணத்தை வாரி இறைப்பார்கள். இவர் எண்ணி வைப்பார்.

1999-ல் வந்த ‘வீடு ஓர் அந்நிய இடம்’ வரிசையில் 36 அச்சுகள். வீடு, வாசல், சுவர், தூரம், மொழி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல். சொல் உருதுவில், எழுத்தர் ஒருவர் கையால் எழுதியது. மேலே நாலைந்து கோடுகளில் ஒரு வடிவம். சொல்லை மூடிக்கொண்டு பார்த்தால் வெறும் வடிவியல். சொல்லைச் சேர்த்துப் பார்த்தால் அதுவே நிலைப்படி. கும்மிடிப்பூண்டியில் ஈழத்து அகதிகள் தங்கியிருக்கும் இடத்தை நாங்கள் ‘முகாம்’ என்கிறோம். அதுவும் உருது வழியாக வந்த சொல்தான். பல ஆண்டுகளாகியும் அந்தச் சொல் மாறவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது 2004-ல் வந்த ‘வீட்டிலிருந்து கடிதங்கள்’. அக்கா ராணி கராச்சியிலிருந்து எழுதி, தபாலில் சேர்க்காமல் வைத்திருந்த கடிதங்கள் அவை. பெற்றோர் மறைவு, வீடு கைமாறியது என்று சொல்லத் தயங்கிய சேதிகள். அக்காவின் கையெழுத்தையே அச்சாக்கி, அதன் மேல் வீட்டு வரைபடத்தையும் ஊர் வரைபடத்தையும் கறுப்பில் ஏற்றியிருக்கிறார் தங்கை. எழுத்து நெருக்கமாக, வலமிருந்து இடமாக ஓடிவருகிறது. வீடு குறுக்கே வந்த இடத்தில், உருது தெரிந்தவருக்கும் வரி தெரியாது.