குலத்தொழில் போய், உடல்தொழிலா?

இண்டூரில் ஒரு மாலை. பள்ளி விட்டதும் பார்வையற்ற மாணவன் ஒருவன் என்னருகே வந்து நின்றான். "ஐயா, என்னைப் போன்றவர்களுக்கு இன்னின்ன வேலைதான் என்று சர்க்கார் பட்டியல் போட்டிருக்கிறதாமே, அதிலே எனக்கு என்ன எழுதியிருக்கிறது?" என்றான். "நான் என்ன ஆகலாம்?" என்று கேட்க வேண்டிய வயதிலே, "என்னை என்னவாக எழுதி வைத்தார்கள்?" என்று கேட்கிறான்!

சட்டம் நன்மை செய்யவில்லை என்று யாரும் கூறார். 1977இல் மத்திய அரசு, கீழ்நிலையிலுள்ள சி, டி பிரிவுப் பதவிகளில் மட்டும் 3 சதவீதம் ஒதுக்கிற்று. 1995ஆம் ஆண்டுச் சட்டம் சலுகையை உரிமையாக்கிற்று. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 4 சதவீதமாக உயர்த்திற்று. ஊனம் முன்வினைப் பயன் என்று உரைத்து, ஓட்டை நீட்டச் செய்த சமுதாயத்திலே, மாதச் சம்பளத்தை நீட்டிய கை அது. வாழ்த்துவோம்.

ஆனால், வாசலைத் திறந்த கையே உள்ளே ஒரு வேலியும் போட்டது. அந்த வேலிதான் "இவர்களுக்கு ஏற்ற பதவிகள்" எனும் பட்டியல். பட்டியல் சுருங்கச் சுருங்க ஒதுக்கீடும் சுருங்கிற்று. மொத்தக் காலியிடங்களையும் கணக்கிட்டே ஒதுக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2013இல் கூற வேண்டி வந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்திலும் பட்டியல் போகவில்லை. மூன்றாண்டுக்கு ஒருமுறையேனும் அதனை மறுஆய்வு செய்க என்ற 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதியே தொடர்ந்தது.

பட்டியல் மனப்பான்மை நமக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டன் 1944இல் சட்டமியற்றி, மின்தூக்கி இயக்குவதையும் கார் நிறுத்துமிடம் காப்பதையும் ஊனமுற்றோர்க்கென ஒதுக்கி வைத்தது. உதவிதான், எனினும் எத்துணைச் சிறிய உலகம்!

1953இல் வந்த குலக்கல்வித் திட்டத்தை ஏன் எதிர்த்தது தமிழகம்? பிறப்பைப் பார்த்துத் தொழிலை விதிக்காதே என்றுதானே! உடலைப் பார்த்துத் தொழிலை விதிப்பது மட்டும் எப்படி நியாயமாகும்? பார்வையற்றோர் நீதிபதியாகக் கூடாது என்று மத்தியப் பிரதேசத்தில் விதியே இருந்தது. 2025 மார்ச்சில்தான் உச்சநீதிமன்றம் அதனை வீழ்த்திற்று. முதற்சட்டம் பிறந்து முப்பதாண்டுகள் சென்ற பிறகு!

தனியார் துறையையும் பாருங்கள். ஜெர்மனியில் இருபது பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருப்பவர், 5 சதவீத இடத்தைக் கடுமையான ஊனமுற்றோர்க்குத் தர வேண்டும். தவறினால் ஈட்டுத்தொகை கட்ட வேண்டும். நம் சட்டமோ, தனியாரிடம் 5 சதவீதம் அமைய அரசு ஊக்கம் தரட்டும் என்கிறது. அதுவும் "பொருளாதார வசதிக்கு உட்பட்டு"! தொழிற்சாலை வாயிலில் நிற்பவனுக்கு இதனால் கிடைப்பது வேலையா, வேண்டுகோளா?

தோழர்களே! "இவனுக்கு எந்த வேலை பொருந்தும்?" என்ற கேள்வியைத் தலைகீழாக்குவோம். "இந்த வேலையை இவன் செய்ய என்ன வசதி வேண்டும்?" என்று கேட்போம். சாய்தளமா, எழுத்தைப் படித்துக் காட்டும் கணினியா, சைகைமொழி அறிந்தவரா? அதைக் கொடுத்துவிட்டுப் பிறகு திறமையை அளக்கட்டும்.

அன்று அந்த மாணவனுக்கு நான் விடை கூறவில்லை. நாளை கூறுவேன்: "பட்டியலைக் கேட்காதே, தம்பி. நீதிபதியாகவும் ஆகலாம். படி!"